பைனல்ஸ் நடக்கும்போது கோச்சின் முடிவைப் பற்றி உருப்படியாக வாதாடுவது எப்படி

ஆட்டம் முடிந்த கையோடு யாராவது "அவன் பயந்துட்டான் மச்சான், அதான் தோத்தாங்க" என்று சொன்னால் அதற்குப் பதில் சொல்லவே முடியாது, ஏனென்றால் பயந்தானா இல்லையா என்பது அவனுக்கு மட்டும்தான் தெரியும். "மனசு வைக்கல", "வெறி இல்ல", "கோச்சுக்கு மூளை இல்ல" எல்லாமே அதே வகை. சொன்னவருக்குக் கொஞ்சம் கோபம் தணியும், அவ்வளவுதான், பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து லீகான என்பிஏவின் பைனல்ஸில் அதே இரண்டு அணிகள் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதிகபட்சம் ஏழு தடவை மோதுகின்றன. கூடைப்பந்தில் யோசனைக்கு யோசனை பதில் சொல்வதை இவ்வளவு தெளிவாக வேறு எப்போதும் பார்க்க முடியாது. அதைப் பேசாமல் யாருக்கு வெறி இருக்கிறது என்று பேசினால் பாதி ஆட்டத்தை நாம் பார்க்கவே இல்லை என்று அர்த்தம்.

82 ஆட்டங்கள் கொண்ட சீசனில் எதிரணிக்கு உங்கள் பலவீனத்தைத் தோண்டிப் பார்க்க நேரம் கிடையாது. அடுத்த நாள் வேறு ஊர், வேறு அணி. பைனல்ஸில் அப்படியில்லை. முதல் ஆட்டத்தில் கண்ணில் பட்ட ஓட்டையை இரண்டாவது ஆட்டத்தில் குத்துவார்கள், மூன்றாவதில் நீங்கள் அதை அடைத்தால் இன்னொரு பக்கம் திறக்கும். களத்தில் ஐந்து பேர்தான் நிற்க முடியும் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் அடைக்க எந்த கோச்சாலும் முடியாது. ஆகவே நீங்கள் வாதத்தில் கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி இதுதான்: கோச் எதைக் கொடுத்து எதை வாங்கினார்? உங்களிடம் வேறு யோசனை இருந்தால், அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டும்?

விலையையும் சேர்த்துச் சொல்லுங்கள்

இதைப் புரிந்துகொள்ள 2015 தொடரைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ், கிளீவ்லாந்து கவாலியர்ஸ். கிளீவ்லாந்தின் கெவின் லவ் முன்பே காயத்தால் வெளியே போயிருந்தார், கைரி இர்விங்குக்கு முதல் ஆட்டத்திலேயே முழங்கால் சில்லு உடைந்தது. அப்படியிருந்தும் மூன்று ஆட்டங்கள் முடிந்தபோது கிளீவ்லாந்துதான் 2-1 என்று முன்னால் இருந்தது. அந்த மூன்று ஆட்டங்களில் கிளீவ்லாந்து நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் எடுத்தது 44, 39, 40 புள்ளிகள். ரசிகர்கள் பேசியதெல்லாம் கிளீவ்லாந்தின் டெல்லவெடோவா வாரியர்ஸ் நட்சத்திரம் ஸ்டெஃபன் கரியைப் பூட்டிவிட்டார் என்பதைத்தான், டிவியில் பார்க்கவும் அப்படித்தான் தெரிந்தது.

ஆனால் பூட்டு வேறு இடத்தில் இருந்தது. கிளீவ்லாந்து திமோஃபே மோஸ்கோவ், டிரிஸ்டன் தாம்சன் என்று இரண்டு பெரிய ஆட்களைக் கூடைக்குப் பக்கத்தில் வைத்து, பந்தை லெப்ரானிடம் கொடுத்து, ஒவ்வொரு தாக்குதலையும் ஷாட் கடிகாரம் (ஒரு தாக்குதலுக்குக் கிடைக்கும் 24 வினாடி) தீரும்வரை இழுத்து ஆட்டத்தை மெதுவாக்கியிருந்தது. வாரியர்ஸின் சென்டர், அதாவது கூடைக்குப் பக்கத்தில் ஆடும் பெரிய ஆள், ஆண்ட்ரூ போகட் வெளியிலிருந்து ஷாட் அடிப்பவர் இல்லை, எனவே அவரைக் காக்க வேண்டியவர் அவரை விட்டுவிட்டுக் கூடைக்குக் கீழேயே நின்றுகொள்ளலாம். கரி டெல்லவெடோவாவைத் தாண்டிப் போனாலும் அங்கே ஒரு சுவர் காத்திருக்கும்.

வாரியர்ஸ் கோச் ஸ்டீவ் கெரின் உதவியாளர் நிக் யூரென் அப்போது முந்தைய ஆண்டு பைனல்ஸ் வீடியோவைப் பார்த்தார். அதில் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ் தொடரின் நடுவில் போரிஸ் டியாவைத் தொடக்க ஐவரில் சேர்த்திருந்தது. அதே மாதிரி நாமும் போகட்டை உட்காரவைத்துவிட்டு ஆண்ட்ரே இகுவடாலாவோடு தொடங்கினால் என்ன என்று அவர் கேட்டார். அந்த சீசன் முழுக்க இகுவடாலா ஒரு ஆட்டத்தில்கூடத் தொடக்க ஐவரில் இருந்ததில்லை. கெர் அந்த யோசனையை நான்காவது ஆட்டத்தில் எடுத்துக்கொண்டார், நிருபர்களிடம் மாற்றம் இல்லை என்று சொல்லிவிட்டு, பிறகு பொய் சொன்னேன் என்று அவரே ஒத்துக்கொண்டார்.

இப்போது விலையைப் பாருங்கள். ஆட்டம் தொடங்கியதும் கிளீவ்லாந்து 7-0. உயரம் இல்லாததால் மோஸ்கோவ் உள்ளே புகுந்து அடித்துக்கொண்டே இருந்தார், அன்றைக்கு அவர் மொத்தம் 28 புள்ளிகள். இதை மட்டும் பார்த்த ஒருவர் "பெரிய ஆளை எடுத்ததால் அடி வாங்குகிறோம், பழைய டீமையே இறக்கு" என்று கத்தியிருப்பார், அவர் சொன்ன தகவலில் ஒரு பொய்யும் இருந்திருக்காது. ஆனால் அந்த ஆட்டத்தில் வாரியர்ஸ் வென்றது 103-82 என்று, 21 புள்ளி வித்தியாசத்தில்! ஐந்து பேரும் வெளியிலிருந்து ஆபத்தானவர்களாக நின்றதால் களம் விரிந்தது, வேகம் கூடியது, லெப்ரான் 20 புள்ளிகளோடு நின்றார். மோஸ்கோவுக்குக் கொடுத்த 28 புள்ளிகள்தான் அதற்கான விலை, வாங்கிய சரக்கு அதைவிடப் பெரியது.

அடுத்து நடந்ததுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஐந்தாவது ஆட்டத்தில் கிளீவ்லாந்து கோச் டேவிட் பிளாட் அந்த மோஸ்கோவை வெறும் 9 நிமிடம்தான் ஆடவிட்டார். அதாவது முந்தைய ஆட்டத்தில் தன் அணியில் அதிகப் புள்ளி எடுத்தவரையே உட்காரவைத்துவிட்டு வாரியர்ஸின் வேகத்துக்கு ஏற்ற மாதிரி தானும் சின்ன அணியை இறக்கினார். அது சரியா தவறா என்று இன்றைக்கும் மணிக்கணக்கில் வாதாடலாம், இரண்டு பக்கமும் வலுவான காரணங்கள் இருக்கின்றன. என் கருத்து, தன்னிடம் இருந்த ஒரே அனுகூலத்தை அவரே கீழே வைத்துவிட்டார் என்பது. இல்லை, மோஸ்கோவ் இருந்திருந்தால் திரும்பி ஓடி வந்து காக்கவே முடிந்திருக்காது என்று நீங்கள் சொன்னால் நான் உட்கார்ந்து கேட்பேன். வாரியர்ஸ் 4-2 என்று கோப்பையை வென்றது, பைனல்ஸின் சிறந்த வீரர் விருது இகுவடாலாவுக்குப் போனது.

ஆகவே வாதத்தைத் தொடங்கும்போது வாக்கியத்தை இப்படி அமைத்துப் பழகுங்கள்: இவரை எடுத்துவிட்டு அவரை இறக்கினால் இந்த இடத்தில் நமக்கு லாபம், அந்த இடத்தில் நட்டம், லாபம்தான் பெரிது என்று நினைக்கிறேன், காரணம் இது. நட்டம் என்ற பகுதியை விட்டுவிட்டுப் பேசுகிற எந்த யோசனையும் பாதி யோசனைதான். எதிரில் இருப்பவர் அதை விட்டுவிட்டால் சண்டைக்குப் போகாமல் "சரி, அப்போ ரீபவுண்ட் யார் எடுப்பாங்க?" என்று, அதாவது தவறிய ஷாட்டின் பந்தை யார் பிடிப்பார்கள் என்று, கேளுங்கள்.

பந்து போகிற பக்கமே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்

டிவி கேமரா பந்தைத் தொடரும், கண்ணும் பின்னாலேயே போகும். ஆனால் பைனல்ஸில் முக்கியமான முடிவுகள் பெரும்பாலும் ஸ்கிரீன் போடப்படும் இடத்தில் நடக்கின்றன. பந்து வைத்திருப்பவரைக் காக்கிறவரின் வழியில் இன்னொருவர் வந்து தூண் மாதிரி நிற்கிறார் அல்லவா, அதுதான் ஸ்கிரீன், அப்படி நிற்பவர் யார் என்று பாருங்கள். அதைவிட முக்கியம், அவரை இவ்வளவு நேரம் காத்துக்கொண்டிருந்தவர் யார் என்று பாருங்கள். எந்த ஆளை நடுவுக்கு இழுத்துவர எதிரணி ஆசைப்படுகிறது என்பது அதிலேயே தெரிந்துவிடும்.

2016 பைனல்ஸின் ஏழாவது ஆட்டம் இதற்குச் சரியான உதாரணம், அதே இரண்டு அணிகள். 4 நிமிடம் 39 வினாடி மீதி இருக்கும்போது 89-89. அதற்குப் பிறகு வாரியர்ஸ் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. எல்லோருக்கும் நினைவிருப்பது லெப்ரான் பின்னாலிருந்து ஓடிவந்து இகுவடாலாவின் ஷாட்டைத் தடுத்தது. அது மகத்தான ஆட்டம்தான், ஆனால் அதில் வியூகம் பற்றி வாதாட அதிகம் இல்லை. வாதாட வேண்டியது 53 வினாடி இருக்கும்போது நடந்தது. கைரியைக் காத்தவர் வாரியர்ஸின் கிளே தாம்சன். கரி காத்துக்கொண்டிருந்த கிளீவ்லாந்தின் ஜே.ஆர். ஸ்மித் வந்து ஸ்கிரீன் போட்டார், வாரியர்ஸ் ஆட்களை மாற்றிக்கொண்டது, கைரிக்கு எதிரே கரி நின்றார். கிளீவ்லாந்து அந்தத் தொடர் முழுவதும் தேடிப் போனது இந்த ஜோடியைத்தான். கைரி கோட்டுக்கு வெளியே பின்வாங்கி அடித்த மூன்று புள்ளி ஷாட் உள்ளே போனது.

அடுத்த தாக்குதலில் வாரியர்ஸும் அதையே செய்தது. கரிக்கு எதிரே கெவின் லவ், பெரிய உடம்பு, வெளியே வந்து காப்பதில் அவ்வளவு பேர் வாங்காதவர். வாரியர்ஸ் கேட்டு வாங்கிய ஜோடி அது. லவ் விடாமல் கூடவே நகர்ந்தார், கரியின் ஷாட் விழவில்லை. "கரி சொதப்பிட்டான், கைரி கெத்து" என்று முடித்துவிடலாம். அதைவிட, அந்த இடத்தில் வாரியர்ஸ் ஆள் மாற்றாமல் இருந்திருக்க முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். தாம்சன் ஸ்கிரீனைச் சுற்றிக்கொண்டு வந்திருந்தால் அந்த ஒரு நொடியில் கைரிக்கு உள்ளே போக வழி கிடைத்திருக்கும். இரண்டு பேருமே கைரி மேல் பாய்ந்திருந்தால் ஸ்மித் ஆளில்லாமல் நின்றிருப்பார், அவரோ மூன்று புள்ளி அடிப்பதற்கென்றே களத்தில் இருப்பவர். மூன்று வழிகளுக்கும் விலை இருக்கிறது. எந்த விலை குறைவு என்பதில்தான் நீங்களும் நானும் மாறுபட வேண்டும்.

இங்கேயே இன்னொன்று. ஒரு வியூகம் நல்லதா கெட்டதா என்று பொதுவாகப் பேசினால் எங்கும் போய்ச் சேராது, களத்தில் அந்த நேரம் யார் இருந்தார்கள் என்று சேர்த்துச் சொல்ல வேண்டும். 2019 பைனல்ஸின் இரண்டாவது ஆட்டத்தில் டொராண்டோ ராப்டர்ஸ் கோச் நிக் நர்ஸ் பாக்ஸ் அண்ட் ஒன் என்ற தற்காப்பை இறக்கினார். ஒருவர் கரியை நிழல் மாதிரி தொடர, மற்ற நால்வரும் சதுரமாக நின்று இடத்தைக் காப்பார்கள். என்பிஏவில் யாரும் அதிகம் பயன்படுத்தாத ஏற்பாடு. வாரியர்ஸ் நிமிடக்கணக்கில் புள்ளி எடுக்க முடியாமல் திணறியது. ஆனால் அப்போது வாரியர்ஸின் இன்னொரு நட்சத்திரம் கெவின் டுராண்ட் ஆடவில்லை, கிளே தாம்சனும் காயத்தால் வெளியே போயிருந்தார். அவர்களில் ஒருவர் நின்றிருந்தாலும் நர்ஸ் அதைத் துணிந்திருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை. கடைசியில் அந்தச் சதுரம் விட்டுவைத்த இகுவடாலாவே மூன்று புள்ளி ஷாட்டை அடித்து வாரியர்ஸுக்கு 109-104 என்று ஆட்டத்தை முடித்தார். ஆனால் தொடரை வென்றது டொராண்டோ.

ஷாட் விழாததையும் தவறான முடிவையும் பிரித்துப் பாருங்கள்

வாதங்களில் அதிகம் குழம்புவது இங்கேதான். நல்ல ஷாட் விழாமல் போகும், மோசமான ஷாட் விழுந்துவிடும். மூன்று புள்ளி ஷாட்டில் இது இன்னும் அதிகம், நல்ல அணிகளே பத்தில் ஆறைத் தவறவிடுகின்றன.

2018 மேற்குப் பிரிவு இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் ஹூஸ்டன் ராக்கெட்ஸ் தொடர்ச்சியாக 27 மூன்று புள்ளி ஷாட்களைத் தவறவிட்டது, மொத்தத்தில் 44க்கு 7. பாதி ஆட்டம் முடியும்போது 11 புள்ளி முன்னால் இருந்த அணி 101-92 என்று தோற்றது. "ஏன் அடிச்சுக்கிட்டே இருந்தாங்க, உள்ள போயிருக்கலாமே" என்று கேட்பது இயல்பு. அதைச் சரியாக வாதாட வேண்டுமானால் அந்த ஷாட்களை ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும்: எதிரில் ஆள் இருந்தாரா, கடிகாரத்தில் நேரம் இருந்ததா, அந்த அணியில் அதை அடிக்க வேண்டியவர்தான் அடித்தாரா. ஆளில்லாமல் நின்று அடித்தது விழவில்லையென்றால் அதற்கு கோச்சைத் திட்டுவதில் நியாயமில்லை. ஆனால் கிறிஸ் பால் தொடைக் காயத்தால் ஆடாத நிலையில் உள்ளே புகுந்து ஆட்டத்தை நடத்த இன்னொரு வழியே அந்த அணி வைத்திருக்கவில்லை என்று சொன்னால் அது நல்ல வாதம், ஏனென்றால் அது ஒரு ராத்திரி அதிர்ஷ்டத்தைப் பற்றியது இல்லை, அணியைக் கட்டிய விதத்தைப் பற்றியது.

2023 பைனல்ஸில் இன்னும் சுவையான ஒன்று நடந்தது. இரண்டாவது ஆட்டத்தில் டென்வர் நக்கெட்ஸின் நிக்கோலா யோகிச் 41 புள்ளி எடுத்தார், அசிஸ்ட் (சக வீரரின் புள்ளியாக மாறிய பாஸ்) வெறும் 4, மயாமி ஹீட் 111-108 என்று வென்றது. உடனே ஒரு கொள்கை பிறந்தது: யோகிச்சைப் புள்ளி எடுக்க விடு, பாஸ் கொடுக்க விடாதே, அதுதான் மயாமியின் ரகசியம். மயாமி கோச் எரிக் ஸ்போல்ஸ்ட்ராவிடமே இதைக் கேட்டபோது, பழக்கமில்லாத கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும் என்கிற மாதிரி சொல்லி அதைத் தள்ளிவிட்டார். அந்தக் கொள்கை பேசியவர்கள் ஒரு விஷயத்தை விட்டுவிட்டார்கள். அன்றைக்கு மயாமி 35 மூன்று புள்ளி ஷாட் அடித்து 17 விழுந்திருந்தது. மூன்றாவது ஆட்டத்தில் அதே 35 ஷாட், விழுந்தது 11. யோகிச் 32 புள்ளி, 21 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், ஜமால் மரே 34 புள்ளி, 10 ரீபவுண்ட், 10 அசிஸ்ட், டென்வர் 109-94. ஒரே ஆட்டத்தில் தோன்றிய உருவத்தை வைத்துக் கொள்கை கட்டினால் அடுத்த ஆட்டத்திலேயே சரிந்துவிடும். யாராவது "இவர் இத்தனை எடுத்தால் டீம் தோற்கும்" என்று ஆரம்பித்தால், தோற்றுக்கொண்டிருந்ததால்தான் அவர் அத்தனை ஷாட் எடுக்க வேண்டி வந்ததா என்று திருப்பிக் கேளுங்கள்.

எண்களைப் பற்றி இவ்வளவு போதும்: டீன் ஆலிவர் என்ற ஆய்வாளர் வகுத்த நான்கு விஷயங்களை முதலில் பாருங்கள். ஷாட்கள் எவ்வளவு விழுந்தன (மூன்று புள்ளிக்குக் கூடுதல் மதிப்போடு), எத்தனை முறை பந்தைத் தொலைத்தார்கள், தவறிய ஷாட்டில் எத்தனை ரீபவுண்டைத் தாங்களே திரும்ப எடுத்தார்கள், எத்தனை ஃப்ரீ த்ரோ (ஃபவுலுக்காகத் தடுப்பு இல்லாமல் எடுக்கும் ஷாட்) கிடைத்தது. பாதி வாதம் இதிலேயே தெளிந்துவிடும். ஒரே ஆட்டத்தின் பிளஸ் மைனஸை (ஒருவர் களத்தில் நின்ற நேரத்தில் அவர் அணி எடுத்த புள்ளிக்கும் விட்ட புள்ளிக்கும் உள்ள வித்தியாசம்) மட்டும் தூக்கிக்கொண்டு வருபவரோடு அதிக நேரம் செலவழிக்காதீர்கள், கூட ஆடிய நால்வர் யார் என்பதைப் பொறுத்து அது எப்படி வேண்டுமானாலும் ஆடும்.

கடைசி அரை நிமிட முடிவுகள்

இதில்தான் குரல் அதிகமாக உயரும். 2013 பைனல்ஸ், ஆறாவது ஆட்டம், எதிரணி மயாமி, லெப்ரான் அப்போது அங்கேதான் ஆடினார். சான் அன்டோனியோ ஸ்பர்ஸுக்குக் கோப்பை கைக்கு எட்டிய தூரம், 28 வினாடி இருக்கும்போது 5 புள்ளி முன்னால். ஸ்பர்ஸ் கோச் கிரெக் பொப்போவிச் தன் பெரிய ஆள் டிம் டங்கனை வெளியே உட்காரவைத்தார். லெப்ரான் ஒரு ஷாட்டைத் தவறவிட, மயாமியே ரீபவுண்ட் எடுக்க, லெப்ரான் மறுபடி அடித்து மூன்று புள்ளி. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் அதே கதை: டங்கன் வெளியே, லெப்ரான் தவறவிட, கிறிஸ் பாஷ் ரீபவுண்ட் எடுத்து மூலைக்குப் பின்னகர்ந்த ரே ஆலனுக்குக் கொடுக்க, அவர் அடித்த மூன்று புள்ளியில் 5.2 வினாடி மீதி இருக்கும்போது 95-95. கூடுதல் நேரத்தில் மயாமி 103-100. ஏழாவது ஆட்டத்தையும் மயாமியே வென்றது.

"டங்கன் இருந்திருந்தா ரீபவுண்ட் அவருக்குத்தான்" என்பது உலகம் முழுக்கச் சொல்லப்படும் வாதம். அதை வைக்கலாம், ஆனால் முழுதாக வையுங்கள். மூன்று புள்ளி வித்தியாசம் இருக்கும்போது எதிரணிக்கு வேண்டியது ஒரு மூன்று புள்ளி ஷாட். அதைத் தடுக்க ஐந்து பேரும் ஸ்கிரீனுக்கு ஸ்கிரீன் ஆள் மாற்றி வெளியே ஓடக்கூடியவர்களாக இருக்க வேண்டும், 37 வயது டங்கன் லெப்ரானையோ ஆலனையோ துரத்த வேண்டி வந்தால் என்ன ஆகும்? பொப்போவிச் கொடுத்த விலை ரீபவுண்ட், வாங்க நினைத்தது முதல் ஷாட்டைக் கெடுப்பது. இரண்டு தடவையும் லெப்ரானின் முதல் ஷாட் விழவில்லை என்பதைக் கவனியுங்கள், வாங்க நினைத்தது கிடைத்தது. ஆனால் முதல் தடவையே ரீபவுண்டில் அடிபட்ட பிறகு இரண்டாவது தடவையும் அதே ஏற்பாட்டோடு போனதுதான் என் கணக்கில் குறை. முடிவைத் தெரிந்துகொண்டு பேசுகிறாய் என்று நீங்கள் சொல்லலாம். அதற்காகத்தான் முதல் தடவை நடந்ததை அடிப்படையாக எடுத்தேன், அது அந்த நேரத்தில் பொப்போவிச்சுக்கும் தெரிந்த தகவல்.

அதே அரை நிமிடத்தில் ஸ்பர்ஸின் மனு ஜினோபிலியும் கவாய் லெனர்டும் ஆளுக்கு ஒரு ஃப்ரீ த்ரோவைத் தவறவிட்டார்கள். அதில் ஒன்று விழுந்திருந்தால் ஆலனின் ஷாட் ஆட்டத்தைச் சமன் செய்திருக்காது. மூன்று புள்ளி முன்னால் இருக்கும்போது வேண்டுமென்றே ஃபவுல் செய்து இரண்டு ஃப்ரீ த்ரோவோடு நிறுத்தியிருக்கலாமே என்ற வாதமும் உண்டு, அதைச் சொல்பவர் எத்தனை வினாடி இருக்கும்போது செய்ய வேண்டும் என்பதையும் சொல்ல வேண்டும். சீக்கிரமே செய்தால் எதிரணிக்குப் பந்து மறுபடி வரும் வாய்ப்பு கூடும், தாமதித்தால் ஷாட் எடுக்கும் கையில் பட்டு மூன்று ஃப்ரீ த்ரோவாகிவிடும்.

தொடக்க ஐவரைப் பற்றிச் சண்டை போடும் முன்

2025 பைனல்ஸில் ஒக்லஹோமா சிட்டி தண்டரின் கோச் மார்க் டேக்னால்ட் முதல் ஆட்டத்திலேயே பெரிய ஆளான ஐசையா ஹார்ட்டன்ஸ்டைனை எடுத்துவிட்டு உயரம் குறைந்த கேசன் வாலஸோடு தொடங்கினார், இந்தியானா பேசர்ஸின் வேகத்துக்கு ஈடுகொடுக்க. அந்த ஆட்டம் முழுக்கத் தண்டர்தான் முன்னால். பேசர்ஸ் 20 தடவைக்கு மேல் பந்தைத் தொலைத்தது. ஆனால் 0.3 வினாடி இருக்கும்போது டைரிஸ் ஹாலிபர்ட்டன் அடித்த ஷாட்டில் பேசர்ஸ் அன்றைக்கு முதல்முறையாக முன்னுக்கு வந்து 111-110 என்று வென்றது. வென்று வந்த அணியை ஏன் கலைத்தாய் என்று டேக்னால்டைத் திட்டாத ஆளில்லை. இரண்டாவது ஆட்டத்தில் அதே ஐவர் தொடங்கினார்கள், தண்டர் 123-107. மூன்றாவதில் மறுபடி அதே ஐவர், தோல்வி. அப்படியானால் அந்த ஐவர் நல்லவர்களா கெட்டவர்களா?

கேள்வியே கொஞ்சம் தவறு. தொடக்க ஐவர் சேர்ந்து ஆடுவது ஆட்டத்தின் ஒரு சின்னப் பகுதிதான். மூன்றாவது ஆட்டத்தில் தண்டரை உடைத்தது பேசர்ஸ் பெஞ்ச், அதாவது மாற்று வீரர்கள்: பெஞ்ச் புள்ளிகள் 49-18. நான்காவது ஆட்டத்துக்கு டேக்னால்ட் ஹார்ட்டன்ஸ்டைனைத் திரும்பக் கொண்டுவந்தார், அந்த ஆட்டம் முழுவதும் தண்டருக்கு மூன்று புள்ளி ஷாட்களில் மூன்றுதான் விழுந்தன, ஆனாலும் 111-104 என்று வென்றது, கடைசி ஐந்து நிமிடத்தை தண்டர் நட்சத்திரம் ஷே கில்ஜஸ் அலெக்சாண்டர் தன் கையில் எடுத்துக்கொண்டார். ஆகவே யார் தொடங்குகிறார்கள் என்பதோடு, பெரிய ஆட்களான செட் ஹோம்கிரனும் ஹார்ட்டன்ஸ்டைனும் சேர்ந்து எவ்வளவு நேரம் நின்றார்கள், கடைசி ஐந்து நிமிடத்தில் யார் இருந்தார்கள், நட்சத்திரம் ஓய்வெடுக்கும் நேரத்தில் ஸ்கோர் எப்படிப் போனது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

எதிரே நின்ற பேசர்ஸ் கோச் ரிக் கார்லைல் தொடக்க ஐவரை மாற்றும் இந்தத் தந்திரத்தை ஏற்கனவே செய்தவர். 2011 பைனல்ஸில் டல்லாஸ் மேவரிக்ஸ் 1-2 என்று பின்னால் இருந்தபோது, அதுவரை ஷாட் சரியாக விழாமல் தவித்த, அணியிலேயே உயரம் குறைந்த ஜே.ஜே. பரேயாவைத் தொடக்க ஐவரில் சேர்த்தார். அடுத்த மூன்று ஆட்டங்களையும் டல்லாஸ் வென்று கோப்பையைத் தூக்கியது. ஸ்கோர் தாளை மட்டும் பார்த்தவர் யாரும் அந்த யோசனையைச் சொல்லியிருக்க மாட்டார்.

காயம் பற்றி ஒன்று மட்டும். 2025 ஏழாவது ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் ஹாலிபர்ட்டனுக்குக் குதிகால் தசைநார் கிழிந்தது, 2019இல் டுராண்டுக்கும் தாம்சனுக்கும் அப்படித்தான் தொடரின் நடுவிலேயே பெரிய காயங்கள். "அவர் இருந்திருந்தா" என்ற பேச்சை ஒரு தடவை மரியாதையோடு சொல்லிவிட்டு, இருந்த ஆட்களை வைத்து கோச் என்ன செய்தார் என்பதற்கு வந்துவிடுங்கள். வென்ற அணியின் கோப்பையை அதனால் குறைத்துப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அடுத்த ஆட்டத்துக்கு முன்

நமக்கு ஆட்டம் காலை ஐந்தரை, ஆறு மணிக்குத் தொடங்கி எட்டரை ஒன்பதுக்கு முடிகிறது, அப்புறம் வேலைக்கு ஓட வேண்டும். அந்த அவசரத்தில் தீர்ப்பு சொல்லாமல் ஒரு கேள்வியை மட்டும் நண்பருக்கு அனுப்பி வையுங்கள். மாலையில் நான்காவது கால்பகுதியை மறுபடி ஓடவிட்டு, ஒலியை அணைத்துவிட்டு, ஸ்கிரீன் போடும் ஆட்களை மட்டும் பார்த்துவிட்டுப் பேசுங்கள். வர்ணனையாளர் சொன்னதைத்தான் நாம் பார்த்ததாக நினைத்துக்கொண்டிருந்தோம் என்பது அப்போது தெரியும்.

இடையில் இருக்கும் இரண்டு நாளில் ஆளுக்கொரு ஊகத்தை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "அவங்க இன்னும் நல்லா ஆடணும்" என்பது ஊகமாகாது. எந்த ஆளை யார் காப்பார், யாருடைய நிமிடங்கள் குறையும், ஸ்கிரீனில் ஆள் மாற்றுவார்களா பின்வாங்கி நிற்பார்களா, அதனால் எதிரணிக்கு எங்கே வழி திறக்கும். எழுதிவைத்தால் ஆட்டம் முடிந்த பிறகு யாரும் பேச்சை மாற்ற முடியாது. ஆட்டம் தொடங்கியதும் முதல் மூன்று தாக்குதல்களில் யார் யாருக்கு எதிரே நிற்கிறார்கள் என்று பாருங்கள், கோச் உங்கள் பக்கமா உங்கள் நண்பர் பக்கமா என்பது பெரும்பாலும் அங்கேயே தெரிந்துவிடும். மாற்றம் பலிக்கவில்லையென்றால் முதல் டைம் அவுட்டுக்குப் பிறகு அவர் அதை விட்டுவிடுகிறாரா, 2015இல் 7-0 ஆனபோதும் கெர் விடாமல் நின்ற மாதிரி நிற்கிறாரா என்று பாருங்கள், அடுத்த வாதம் அங்கிருந்து தொடங்கும்.